இராயப்பர் சொல்லாமல் விட்ட வசனம்

அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது அவருடைய முகமல்ல, முதுகு. கோதுமை மாச் சாக்கைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டுத் தைத்த அங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவில் வியர்வையில் நனைந்து, கறுத்து, ஒட்டிப்போய் இருக்கும். மேடையின் வலப்பக்கச் சீலைக்குப் பின்னால் கையில் வசனக் கொப்பியோடு நான் நிற்பேன். நாடகத்தில் வசனம் மறந்தவர்களுக்கு மெல்லிய குரலில் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்த வேலையைச் செய்கிறவளுக்கு எந்த நடிகனுடைய முகமும் கிடைக்காது. முதுகும் ஒரு பக்கக் காதும்தான் கிடைக்கும். ஒருவருக்கு வசனம் தட்டுப்படப் போகிறதென்றால் காதுக்குப் பின்னால் ஒரு நரம்பு எழும்பும், அதைக் கண்டதும் நான் ஆயத்தமாகிவிடுவேன். அத்தானுக்கு அந்த நரம்பு எழும்பி நான் கண்டது ஒரே ஒரு நாள்.

குருநகரில் எங்கள் பங்குக் கோயில் முற்றத்தில் ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். என் பெரியண்ணை எழுதி, பழக்கி, மேடையேற்றுவார். அக்காவின் கணவரான அத்தான் இராயப்பராக வருவார். பேதுரு என்று மற்றவர்கள் சொல்கிறவரை எங்கள் கரையில் இராயப்பர் என்றுதான் சொல்வோம். மீன் பிடிக்கிறவர், முன்கோபக்காரர், ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன இரவில் சேவல் கூவுமுன் "அவரை எனக்குத் தெரியாது" என்று மூன்று தரம் மறுத்தவர். அத்தானும் கடலுக்குத் தொழிலுக்குப் போகிறவர், அவருக்கும் மூக்கு நுனியில் கோபம். தாடி ஒன்றை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று சனம் பகிடி பண்ணும்.

பெரியண்ணை வள்ளம் கட்டுகிற தச்சர். ஒரு பலகை ஒரு நூல் விலகினாலும் வள்ளத்துக்குள் தண்ணீர் வரும் என்ற கண்டிப்பை நாடகத்துக்கும் கொண்டுவந்திருந்தார். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனன்று ஒத்திகையும் தொடங்கும். அன்றே என் கொப்பியின் பின்பக்கத்தில் எல்லா நடிகர்களின் பெயரையும் எழுதச் சொல்வார். யார் ஒரு சொல்லை விட்டாலும், மாற்றினாலும், பெயருக்கு நேரே சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்தால் முற்றத்து மணலில் முழங்காலில் நின்று ஒரு செபமாலை சொல்லி முடிக்க வேண்டும். ஏரோது அரசனாக வந்த மீன் வியாபாரி சொன்ன செபமாலைகளுக்கே நேராக மோட்சம் போயிருப்பார். "இது சும்மா கூத்தில்லை, நேர்த்திக்கடன்," என்பார் அண்ணை. "பழுதில்லாத ஆட்டைக் கொண்டா எண்டு கேட்ட ஆண்டவருக்கு நாங்கள் பழுதான சாமானைக் குடுக்கிறதோ?" எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடிக்கும். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். பிழை பிடிப்பதில் எனக்கொரு ருசி இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? புள்ளி வைக்கும்போது பென்சிலைச் சற்று அழுத்தியே வைப்பேன். அத்தானின் பெயருக்கு நேரே ஏழு வருஷத்தில் ஒரு புள்ளிகூட விழுந்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், மாரி முடிந்த கையோடு ஒரு விடியற்காலை எங்கள் பகுதியை ஆமி சுற்றி வளைத்தது. ஒலிபெருக்கியில் கூப்பிட்டு ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பெண்கள் நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குத் தலையாட்டி என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தலையைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டு இருத்திய ஒரு மனிதன். வரிசை அவன் முன்னால் போகும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் ட்ரக்கில் ஏற வேண்டும். அன்று அவன், அத்தானோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற ஒரு பெடியனுக்குத் தலையை ஆட்டினான். பெடியனுக்கு இருபத்திரண்டு வயது. வலையைவிட வாய் பெரிசு என்று அத்தான் அவனை எப்போதும் சீண்டுவார். அடுத்து நின்ற அத்தானைப் பார்த்து அதிகாரி மொழிபெயர்க்கிறவன் மூலம், "இவனைத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்றால் நீயும் ஏறு என்று அர்த்தம். அத்தான், "தெரியாது" என்றார். திரும்பவும் கேட்டார்கள். திரும்பவும் தெரியாது என்றார். வேலிக்கு இந்தப் பக்கம், எனக்குப் பக்கத்தில், அந்தப் பெடியனின் தாய் நின்றார்.

ஒருவரும் அத்தானைக் குறை சொல்லவில்லை. யாருக்குத்தான் வாய் வரும்? அந்த இடத்தில் நின்றிருந்தால் நாங்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்போம். அந்தத் தாயை ஊரில் எல்லோரும் மாமி என்போம். மாமியும் ஒரு சொல் சொல்லவில்லை. மகனைத் தேடி காம்ப் காம்பாக நடந்தார். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: அப்படி ஒருவனை நாங்கள் பிடிக்கவேயில்லை. பிடித்ததைக் கண்டேன் என்று சொல்ல இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள். ஊரே பார்த்துக்கொண்டு நின்ற மைதானத்திலிருந்து மாமிக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. அத்தான் ஒவ்வொரு நாளும் கறிக்கு மீனை ஈர்க்கில் கோர்த்து மாமியின் வேலிப் படலையில் கொழுவிவிட்டு, கூப்பிடாமல் திரும்பி வருவார். பிறகு பார்த்தால் மீன் எடுபட்டிருக்கும். அவ்வளவுதான் இருவருக்கும் இடையில் இருந்த போக்குவரத்து.

விபூதிப் புதனுக்கு முதல் நாள் அத்தான் பெரியண்ணையிடம் வந்தார். பழைய கொப்பியைப் பார்த்து நான் வசனங்களைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், இந்தமுறை எனக்கு வேறை ஏதும் தா. பிலாத்து எண்டாலும் பரவாயில்லை."

"உன்ரை குரலுக்குப் பிலாத்தோ? விசர்க்கதை கதையாதை," என்றார் அண்ணை.

"அப்ப சிலுவை தூக்க வாற சீமோனைத் தா. அவருக்கு வசனமே இல்லை."

"இராயப்பருக்கு இந்தக் கரையிலை வேறை ஆர் இருக்கினம், சொல்லு பாப்பம்?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஏதும் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான், "உங்களை விட்டால் அந்த மூண்டாவது மறுப்பை ஒருத்தராலும் செய்யேலாது, அத்தான்," என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். அப்படியொரு புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததென்று இன்றைக்கும் என்னை நானே கேட்கிறேன். எல்லாம் தெரிந்தவர்கள்தான் நாங்கள் இருவரும். ஆனால் நாடகம் கண்ணை மறைத்திருந்தது. ஒரு மனிதர் வாய்விட்டுக் கெஞ்சியது எங்கள் காதில் விழவில்லை, அவருடைய குரல்வளம்தான் விழுந்தது. அத்தான் அடுத்த நாள் ஒத்திகைக்கு வந்தார். நாற்பது நாளும் ஒரு சொல் பிசகாமல் மறுத்தார்.

வழக்கமாகப் பொழுதுபட்ட பிறகு நடக்கிற நாடகம். அந்த வருஷம் ஊரடங்கு என்பதால் காலையில் சிலுவைப்பாதை முடிந்த கையோடு பத்து மணிக்குத் தொடங்கினோம். இராயப்பர் குளிர்காய்கிற காட்சிக்குச் சிரட்டை மூட்டி உண்மையான நெருப்பு வைத்திருந்தார் அண்ணை. உண்மைக்கு ஒரு குறையும் வரக்கூடாது அவருக்கு. சித்திரை வெயிலில் நெருப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கையைத் தேய்த்துக்கொண்டு நடுங்குகிற அத்தானைப் பார்த்துச் சிறுசுகள் சிரித்தார்கள். மாமி முன்வரிசைப் பாயில் இருந்தார். அவர் வருவார் என்று நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லை.

பணிப்பெண் கேட்டாள், அத்தான் மறுத்தார். இரண்டாவது ஆள் கேட்டான், மறுத்தார். குரல் எப்போதும் போலக் கோயில் சுவரில் பட்டுத் திரும்பியது. பிறகு படைவீரன் வந்து தீப்பந்தத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "அந்த நசரேயனை நீ அறிவாயோ?" என்றான். "சத்தியமாய்ச் சொல்கிறேன், அந்த மனிதனை நான் அறியேன்" என்பது அண்ணை எழுதிய பதில். அத்தான் பேசவில்லை. நடிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன், கொஞ்சம் விட்டுச் சொன்னால் கனமாக இருக்கும் என்று. பத்து எண்ணினேன். காதுக்குப் பின்னால் நரம்பு எழும்பியது. மெல்ல எடுத்துக் கொடுத்தேன். அவர் அசையவில்லை. என்ன கோதாரி பிடித்தது இந்த மனுசனுக்கு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு இரண்டாம் தரம் சற்று உரத்துச் சொன்னேன். மூன்றாம் தரம் நான் சொன்னது முன்வரிசைக்கே கேட்டது. யாரோ கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். "அந்த மனிதனை நான் அறியேன்! அறியேன்!" என்று சீலைக்குப் பின்னால் நின்று கத்துகிறேன் நான். அதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் வாய் நிற்கவில்லை, அதுதான் உண்மை. ஏழு வருஷம் புள்ளி விழாத ஒரு பெயர் இப்படிக் கவிழ்கிறதே என்ற ஆத்திரம்தான் எனக்கு முன்னுக்கு நின்றது.

அத்தான் நெருப்பை விட்டு எழும்பினார்.

"தெரியும்," என்றார். மேடைக் குரல் இல்லை அது, வீட்டில் தண்ணீர் கேட்கிற குரல். "எனக்கு அவனைத் தெரியும். என்ரை வள்ளத்திலை வந்தவன். என்னோடை ஒரு கோப்பையிலை சாப்பிட்டவன். தெரியும்."

சேவலாகக் கூவுவதற்குக் கோயில் மணி அடிக்கிற பெரியவரை வைத்திருந்தோம். மூன்றாவது மறுப்பு முடிந்த பிறகுதான் கூவ வேண்டும், முந்தினால் புள்ளி என்று அண்ணை அவரை வெருட்டி வைத்திருந்தார். அவர் இரண்டு கையையும் வாயில் குவித்தபடி, "தம்பி, கூவிறதோ, விடுறதோ?" என்று அண்ணையைக் கேட்டார். அண்ணையின் கை திரைச்சீலைக் கயிற்றில் இருந்தது. "மூடுங்கோ அண்ணை, மூடுங்கோ," என்று நான் பறந்தேன். ஒரு சொல் மாறினால் ஆளை மணலில் முழங்காலில் விடுகிற மனிதர், கயிற்றை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அம்மாவின் செத்தவீட்டில்கூட அண்ணையின் கண்ணில் நான் தண்ணீரைக் கண்டதில்லை.

மாமி பாயை விட்டு எழும்பிச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"இப்ப சொல்லுறாய்," என்றார்.

"ஓம், மாமி."

"நாளைக்கு என்னோடை காம்புக்கு வந்து சொல்லுவியோ?"

சனத்துக்குள் இருந்து அக்கா, "ஐயோ, வேண்டாம்!" என்று குளறினாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், சின்னது கைக்குழந்தை. அத்தான் அக்காவைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார்.

"வாறன்," என்றார்.

அதற்குப் பிறகும் நாடகம் நடந்தது. சேவல் கூவாமலே ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தோம். முடிந்ததும் பங்குக் குருவான சுவாமி அண்ணையைக் கூப்பிட்டு, வேதத்தில் இல்லாததை மேடையில் சொல்லலாமோ என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, சனத்துக்குள் யார் யார் இருந்தார்களோ என்ற பயத்தில் கேட்டார். "பிழைதான் சுவாமி," என்றார் அண்ணை. "ஆனால் இவ்வளவு காலமும் நாங்கள் போட்ட நாடகத்திலை மெய்யாய்ச் சொன்ன வசனம் அது ஒண்டுதான்." நான் பழக்கதோஷத்தில் கொப்பியைப் புரட்டி, அத்தானின் பெயருக்கு நேரே பென்சிலை வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணை கண்டுவிட்டார். "அந்தப் புள்ளியை உன்ரை பேருக்கு வை," என்றார். "எனக்கும் ஒண்டு வை." எங்கள் பெயர் அந்தக் கொப்பியில் எங்கேயும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் பெரிய சனி. மாமி, அத்தான், நான் மூன்று பேரும் காம்புக்குப் போனோம். அங்கே அதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்பதால் ஆங்கிலத்தில் சொல்ல மாமி என்னையும் வரக் கேட்டிருந்தார். முந்தின நாள் அப்படிக் கத்திய வாயை வைத்துக்கொண்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதிகாரி பெடியனின் படத்தை மேசையில் வைத்து, இவருக்கு இந்த ஆளைத் தெரியுமா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அத்தான் கையைக் கட்டிக்கொள்ளாமல் நேரே நின்று பதில் சொன்னார். "தெரியும். என்ரை வள்ளத்திலை வந்தவன். மைதானத்திலை உங்கடை ஆக்கள் அவனை ஏத்தினதை நான் கண்டனான். அண்டைக்குத் தெரியாது எண்டு நான் பொய் சொன்னனான்."

இதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அக்காவின் கைக்குழந்தை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அத்தான் சொன்ன நாலு வரியையும் ஒரு வரியாக்கினேன்: அந்தப் பெடியனைக் கரைப்பக்கம் எங்கேயோ கண்டிருக்கிறாராம். நல்ல ஆங்கிலம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிகாரி பேனையை மூடப் போனார். அத்தானுக்கு ஆங்கிலம் தெரியாதுதான். ஆனால் நாலு வரி ஒரு வரியானால் யாருக்கும் விளங்குமே. அவர் என் பக்கம் திரும்பி, நான் சீலைக்குப் பின்னால் நின்று கதைக்கிற அதே குரலில், எனக்கு எடுத்துக் கொடுத்தார். "தெரியும் எண்டு சொல்லு, பிள்ளை. என்ரை வள்ளத்திலை வந்தவன்." நான் மேசையில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு தரம் சொன்னார். அவருடைய முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். மூன்றாம் தரம் அவரைச் சொல்ல விடவில்லை. தடுமாறி, குழறி, சொன்னதையே திரும்பச் சொல்லி, என் வகுப்புப் பிள்ளைகள் எழுதியிருந்தால் தாள் முழுக்கச் சிவப்பாக்கியிருப்பேன், அப்படியோர் ஆங்கிலத்தில், அவர் சொன்ன எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அதிகாரி பேனையைத் திறந்து எழுதினார். அத்தானை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். பதினோராம் நாள் நடந்தே வீட்டுக்கு வந்தார், இடது காது கேட்காமல். உள்ளே நடந்ததைப் பற்றி அவர் ஒருபோதும் கதைக்கவில்லை. பெடியன் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. ஆனால் அவனைப் பிடித்ததற்கு ஒரு கடதாசியில் எழுத்து விழுந்தது. அப்படியொருவன் இல்லை என்று அதற்குப் பிறகு மாமியின் முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை. அக்கா என்னோடு இரண்டு வருஷம் கதைக்கவில்லை. "நீ வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தால் என்ரை மனுசன் முழு ஆளாய் வந்திருப்பார்," என்று ஒருநாள் சொன்னாள். அவள் சொன்னதில் பிழையில்லை.

அடுத்த வருஷம் அண்ணை கொப்பியில் மூன்றாவது மறுப்பை எழுத வேண்டாம் என்றார். "அந்த இடத்தை வெறுமையாய் விடு. இராயப்பராய் வாறவன் தனக்கு வந்ததைச் சொல்லட்டும். நீ வாய் திறக்காதை." அத்தான் பிறகு மேடையேறவில்லை. காது கேளாத ஆளுக்கு நீ எப்படியடி எடுத்துக் குடுப்பாய் என்று என்னைப் பகிடி பண்ணினார். அவருக்குப் பிறகு வந்தவர்களில் ஒருவர் மறுத்தார், ஒருவர் ஒன்றும் சொல்லாமல் நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார், ஒருவர் சேவலைத் தூஷணத்தில் ஏசிச் சுவாமியிடம் பேச்சு வாங்கினார். சில வருஷம் படு மோசமாகவும் போனது, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் சனம் அந்தக் காட்சிக்கு மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அந்தக் கொப்பியும் எங்கேயோ தவறிப்போனது.

பிழை எல்லாம் நல்லது என்று சொல்ல நான் விசரியில்லை. வள்ளத்தில் பிழை விட்டால் ஆள் தாழும், அண்ணை சொன்னது சரிதான். ஆனால் நானும் பிறகு கதை, கட்டுரை என்று எழுதத் தொடங்கினேன். எழுதிக்கொண்டு போகிற வரி திடீரென்று நின்றால், பின்னாலிருந்து ஒரு நல்ல வசனத்தை எடுத்துக் கொடுக்க என்னுடைய அந்தப் பழைய வாய் துடிக்கும். பிசகில்லாத வசனம்தான், எத்தனையோ பேர் சொல்லி மினுக்கிய வசனம். கொஞ்சம் பொறு, எழுத்தில் வருகிற ஆள் என்ன சொல்லப் போகிறார் என்று கேள் என்று அதை அடக்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். பாதி நாள் தோற்றுத்தான் போகிறேன்.

அண்ணை முந்திப் போனார், அத்தான் போய் ஆறு வருஷமாகிறது. போன பெரிய வெள்ளிக்கு மாமியைக் கூட்டிக்கொண்டு நாடகம் பார்க்கப் போனேன். மாமிக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. கண் தெரியாது, காது மட்டும் நல்ல கூர்மை. புதிய ஆட்கள், புதிய எழுத்து, கலர் லைட், சட்டையில் குத்துகிற மைக். சேவல்கூட மெஷினில்தான் கூவியது. இராயப்பராக வந்த பெடியன் கெட்டிக்காரன். மூன்று பேர் கேட்டதற்கும் மூன்று தரமும், ஒரு சொல் பிசகாமல், நல்ல ஏற்ற இறக்கத்தோடு மறுத்தான். சேவல் நேரத்துக்குக் கூவியது. சனம் கைதட்டியது. மாமி என்னுடைய முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"உவன் ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்டார். "உவனுக்கு ஒருத்தரையும் தெரியாதோ?"